நாலு பேர் படுக்கும் ட்ரெய்லர்

அன்பு மகளுக்கு,

நீ தமிழ்ப் பள்ளிக்குப் போன சனிக்கிழமைகளை நம்பி இதைத் தமிழில் எழுதுகிறேன்.

விடுமுறைக்கு நீ தேர்ந்தெடுத்த ட்ரெய்லரில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் சின்னக் கார் எவ்வளவு பாரம் இழுக்கும் என்று தேடிப் பார்த்து, துணிக்கூடாரமாக விரிகிற அந்த வண்டியைச் சரியாகத்தான் கண்டுபிடித்தாய்.

நேற்று ரோம்பர்டில் ட்ரெய்லர் விற்கிற கடைக்காரர் அதை விரித்துக் காட்டியபோது, அம்மா உள்ளே போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு காருக்குள் போய் இருந்துவிட்டாள். “அம்மாவுக்கு ஒண்டும் பிடிக்காது” என்று நீ கோபப்பட்டாய்.

யுத்தம் முடிந்து முகாமில் எங்களுக்குத் தந்ததும் துணிக்கூடாரம்தான். நீ கைக்குழந்தை. துணியில் மழை விழும் சத்தத்துக்குச் சிரிப்பாய். மற்றதை அம்மாவிடம் கேட்காதே. நானே அவளோடு அதைப் பேசியதில்லை.

பலகைச் சுவர் உள்ள சின்ன ட்ரெய்லர் ஒன்றையும் இந்தக் கார் இழுக்குமாம். அதில் இரண்டு பேர்தான் படுக்கலாம். நீயும் அம்மாவும் படுங்கள். எனக்குக் கார் போதும்.

இன்னொன்று. எத்தனை பேர் என்று கடைக்காரர் கேட்டபோது அம்மா “நாலு” என்றாள். நீ சிரித்துக்கொண்டு, “மூண்டு பேர், அம்மா” என்று திருத்தினாய்.

உனக்கு ஓர் அண்ணன் இருந்தான். ஐந்து வயது. அந்தக் கூடாரத்துக்குள் நாங்கள் நாலு பேராகத்தான் போனோம்.

இனி யாராவது கேட்டால், அம்மா சொல்வதைத் திருத்தாதே, பிள்ளை.

அப்பா