பின்வாசல் வழியாக வந்தவர்கள்

ஆல்டர் பெண்ட், நெப்ராஸ்கா
மார்ச் 24, 2025

லைலுக்கு,

நலம் விசாரிக்கும் பழக்கம் நமக்குள் விட்டுப்போய் இரண்டு வருடமாகிறது. நான் நடத்தும் நூலகத்தைச் சனிக்கிழமைகளில் மூட நீ கவுண்டி மன்றத்தில் கை தூக்கினாய். கூட்டுறவுக் கடையில் எல்லோர் முன்னாலும் நான் உன்னைத் திட்டினேன். நீ என் எண்ணைத் தடுத்துவிட்டாய். அதனால்தான் தபால்.

நூலகங்களுக்கு வரும் பணத்தை நிறுத்தப் பார்க்கிறது வாஷிங்டன் அரசு. நம் மாவட்டமான கவுண்டி தருவது என் சம்பளமும் கட்டடத்துக்கான செலவும் மட்டும். இணையம், தலைநகர் லிங்கனிலிருந்து வரும் புத்தக வண்டி, கண் தெரியாத முப்பத்தொரு பேருக்குப் போகும் ஒலிநூல்கள், பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பு, எல்லாம் வாஷிங்டன் பணத்தில்தான். அது நின்றால் செப்டம்பரில் சாவியை உங்களிடம் கொடுத்துவிடுவேன்.

நிறுத்தக் கூடாது என்று கவுண்டிகள் தீர்மானம் போட்டு அனுப்பினால் வாஷிங்டனில் இருக்கும் நம் தொகுதி உறுப்பினர் யோசிப்பாராம். ஏப்ரல் எட்டாம் தேதி மன்றக் கூட்டத்தில் உன் சக உறுப்பினர் டோனா முன்மொழிவாள். தலைவர் ரஸ் தொடமாட்டார். மூன்று பேர் மன்றத்தில் மிச்சம் நீதான். வழிமொழிய ஆளில்லையென்றால் ஓட்டெடுப்பே கிடையாது.

கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை. இது கெஞ்சல்தான்.

வெண்டல் ஹார்ம்ஸ்


மார்ச் 29

வெண்டல்,

கன்று ஈனும் சமயம், கை ஓயவில்லை. எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

நீ எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. யார் கண்ணிலும் படாமல் நூலகத்தின் பின்வாசல் வழியாக வந்தேன். இருபத்திரண்டு வருடமாக நீ யாரிடமும் சொல்லவில்லை. என் மகள் கெய்லிக்குக்கூடத் தெரியாது. அதற்காக வழிமொழிகிறேன்.

ஒரு நிபந்தனை. பொதுமக்களுக்குத் தரும் மூன்று நிமிடத்தில் நீ எழுந்து பேசக் கூடாது. நீ வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் உட்காரமாட்டாய்.

லைல் புரோகாஸ்கா


ஏப்ரல் 2

அன்புள்ள லைல்,

இந்த முதல் சொல்லை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. இருக்கட்டும்.

பேசமாட்டேன். கடைசி வரிசையில் இருப்பேன். யார் வந்தார், எதைப் படித்தார் என்று நூலகர் வெளியில் சொல்வதில்லை. அதற்கு நன்றி எதற்கு, அதுதான் என் வேலை.

கன்றுகளெல்லாம் நன்றாக இருக்கின்றனவா?

வெண்டல்


ஏப்ரல் 9

வெண்டல்,

நேற்றுக் கூட்டத்தில் ரஸ் சொன்னது எனக்கும் கேட்டது. "நம்ம ஊர்ல யாருப்பா படிக்கிறா? மாட்டுக்கா புத்தகம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரோடு முப்பது வருடமாகக் காலைக் காபி குடிக்கிறேன், அவர் பேசினால் சிரிப்பு தானாக வந்துவிடும். அதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"சிரிக்கிறியா லைல்? முப்பத்திரண்டு வயசுல சொந்தப் பேரை எழுதத் தெரியாம என் பின்வாசல்ல வந்து நின்னவன்தானடா நீ? உன் பொண்ணு இங்கதான் உக்காந்திருக்கா. சொல்லேன் அவகிட்ட."

மூன்று நிமிடம்கூட உனக்குத் தேவைப்படவில்லை.

டோனா முன்மொழிந்தாள். வழிமொழிய யாராவது உண்டா என்று ரஸ் இரண்டு தரம் கேட்டார். நான் வழிமொழியவில்லை, தீர்மானம் அங்கேயே விழுந்தது.

திரும்பும்போது வண்டியில் கெய்லி கேட்டாள்: "அப்பா, சின்ன வயசுல எனக்கு ராத்திரி ராத்திரி புத்தகம் படிச்சுக் காட்டுவியே, அதெல்லாம்?"

"படத்தப் பாத்துச் சொன்னதும்மா" என்றேன்.

இனி எனக்கு எழுதாதே.

லைல்


மே 6

அன்புள்ள லைல்,

மூன்று கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்துவிட்டன. இதுவும் வரும். இருந்தாலும் எழுதுகிறேன்.

அன்று நீ சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. முதலாவது எனக்குப் பழக்கமானது, இரண்டாவதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இருபதாம் தேதி டோனா மறுபடி முன்மொழிகிறாள். என் ராஜினாமாவை அவளிடம் கொடுத்துவிட்டேன். அன்று நான் அந்த அறையில் இருக்கமாட்டேன், அதற்குப் பிறகு ஊரிலும் இருக்கமாட்டேன். எனக்காக நீ எதுவும் செய்ய வேண்டாம். ஒலிநூலுக்குக் காத்திருக்கும் முப்பத்தொரு பேருக்கு உன்மேல் எந்தக் கோபமும் இல்லை. ஒரே ஒரு தடவை வாய் திற.

இன்னொன்று. எழுத்து வகுப்புக்கு இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், இதை நான் சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்? செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்குப் பின்வாசல் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, இரண்டு பென்சிலைச் சீவி வைத்து உட்காருகிறேன். ஐந்தரைக்குப் பூட்டுகிறேன். உன்னைப் பற்றி நான் பேசிய அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர்கள் வரவில்லை.

வாஷிங்டன் பணம் இன்னும் நிற்கவில்லை, லைல். வகுப்பு நின்றுவிட்டது.

வெண்டல்