நாற்பத்தோராவது ஓட்டு

மார்ச் 4, செவ்வாய்

ஆறு பயணம், ஆறிலும் தாமதம். மூன்றாவதில், ஏறாமல் போன ஒருவரின் பெட்டியைத் தேடி இறக்க நாற்பது நிமிடம் ஆனது. சக்கரம் உருண்டால்தான் எங்களுக்குச் சம்பள நேரம் ஓடும். நிற்கும் நேரமெல்லாம் தர்மக் கணக்கு.

“பஸ் ஓட்டினப்போகூட டிப்போல நின்ன நேரத்துக்குச் சம்பளம் உண்டு மேடம்” என்றார் பஸ்காரர். என் துணை விமானி. பத்து வருஷம் பஸ் ஓட்டி, அந்தச் சம்பளத்திலேயே பறக்கப் படித்து, நாற்பது வயதில் என் வலப்பக்க இருக்கைக்கு வந்தவர். பட்டப்பெயரை அவரே வைத்துக்கொண்டார். எழுபது பேர் ஏறும் எங்கள் சின்ன விமானத்தை அவர் தரையிறக்கினால் தூங்குகிற குழந்தை விழிக்காது.

சாயங்காலம் நிர்வாகத்தின் கடிதம் வந்தது. புது ஒப்பந்தத்துக்கு இரண்டு வழி. மணிச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. அல்லது சம்பளம் அப்படியே இருக்க, கையெழுத்துப் போட்டதும் எட்டு மாதச் சம்பளம் மொத்தமாக. எண்பத்தொரு விமானிகளும் ஓட்டுப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு

சங்கக் கூட்டம். தலைவரை நாங்கள் பெரியவர் என்போம். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கிறது அவருக்கு. அவரே மணிச் சம்பளத்தின் பக்கம். என்னைப் பேசச் சொன்னார். வாய் கிழியப் பேசினேன்.

“மொத்தமாக் குடுக்கிற காசு ஒரு தடவைதான் வரும். மணிக்கு ஏத்துனா நாம ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் வரும். அவங்க குடுக்கறது நம்ம கையெழுத்துக்கு விலை இல்ல, நம்ம வாயை மூடறதுக்கு விலை.”

கைத்தட்டல். பஸ்காரர் மட்டும் எழுந்து, கையில் வருகிற காசுதான் காசு என்று சிலருக்குத் தோன்றலாம், அவர்களைக் குறை சொல்லாதீர்கள் என்றார். தன் ஓட்டு மணிச் சம்பளத்துக்குத்தான் என்றும் சொன்னார். பின்பாதி யார் காதிலும் விழவில்லை.

கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். நம் பக்கம் நாற்பத்தொன்று, அந்தப் பக்கம் நாற்பது. மயிரிழைதான். வீட்டில் கணவரிடம் என் பேச்சை நடித்தே காட்டினேன். பள்ளிக்கூட வாத்தியார் இல்லையா, பத்துக்கு ஒன்பது போட்டார்.

மார்ச் 13, வியாழன்

இடது காது மாதக்கணக்காக அடைத்த மாதிரி இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் அழுத்தாமலே இருந்தேன் போலிருக்கிறது. வெளியே சோதனை செய்த பெண்ணின் முகம் மாறுவது தெரிந்தது.

கேட்கும் திறன் இப்போதைக்கு வரம்புக்குள்தான் இருக்கிறதாம். மே மாத உடல் தகுதிச் சோதனையில் தேறுவேனா என்று கேட்டேன். “இப்படியே குறைஞ்சா கஷ்டம்மா” என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார்.

பதினெட்டு வருஷம். நாற்பத்து நான்கு வயதில் வேறு என்ன வேலை தெரியும் எனக்கு?

மார்ச் 16, ஞாயிறு

ஒப்பந்த நகலைத் திரும்பப் படித்தேன். கையெழுத்துத் தொகை வாங்கியவர் இரண்டு வருஷத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். உடல் தகுதி இழந்து விலகினால் தர வேண்டாம்.

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எழுத மாட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஓட்டு. விமானிகள் அறையில் ஒரு அட்டைப்பெட்டி, பக்கத்தில் ஒரு தட்டி மறைப்பு. உள்ளே போகும்போது பெரியவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பேனா எழுதவில்லை. உதறி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, இரண்டாவது கட்டத்தில் குறி போட்டேன்.

பறக்கவே போகாதவளுக்கு மணிச் சம்பளம் எதற்கு? இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வந்து, “ஜெயிச்சிடுவோம்” என்று வேறு சொன்னேன். யாரும் கேட்காமலே.

மார்ச் 19, புதன்

கையெழுத்துத் தொகைக்கு நாற்பத்தொன்று. மணிச் சம்பளத்துக்கு நாற்பது.

மார்ச் 24, திங்கள்

அறையில் ஒரே பேச்சு. நாற்பத்தொரு பேரில் ஒரே ஒருவர் மாறியிருக்கிறார், யார்? எல்லார் விரலும் ஒரே திசையில். ‘கையில் வருகிற காசுதான் காசு’ என்று கூட்டத்தில் சொன்ன ஆள் யார்? போன வாரம் பழைய கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டியதும் அவர்தானே?

பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீதான் அவர்கூட அதிகம் பறக்கற. உனக்கு என்ன தோணுது?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பேசாமல் இருந்திருக்கலாம். நான் சொன்னது: “பாவம், அவருக்கும் காசு தேவை இருக்கும்ல சார்.”

பாவமாம். எந்த வாயால் சொன்னேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. குறி போட்டதாவது பயத்தில். இது எதில்? யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லையே. அனுதாபம் காட்டுகிற குரலில் ஒரு மனுஷனைக் காட்டிக் கொடுத்தேன், அவர் செய்யாத தப்புக்கு.

ஏப்ரல் 15, செவ்வாய்

பஸ்காரர் உள்ளே வந்தால் பேச்சு நிற்கிறது. விமானிகளை ஏற்றிப்போகும் வேனில் அவர் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிடுகிறார்கள். அவர் பெட்டியில் எலி படம் ஒட்டியிருந்தது, துரோகி என்று சொல்லாமல் சொல்ல. கிழித்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பறக்க வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. இறங்கும்போது வழக்கம்போல மெத்தென்று இறக்கினார்.

“நல்லா இறக்கினீங்க” என்றேன்.

“நீங்க ஒருத்தர்தான் மேடம் இன்னும் என்கூடப் பேசறீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வீணாகிறது என்று மகள் கதவைத் தட்டினாள்.

மே 2, வெள்ளி

தொகை வந்துவிட்டது. எண்பத்தொரு பேருக்கும்தான். அறையில் யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை, ஆனால் யாரும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

மே 20, செவ்வாய்

தேறிவிட்டேன்.

காதுக்குள் நீர் கோத்திருந்ததாம். மாத்திரையில் வற்றிவிட்டது. சோதனை செய்த டாக்டர் காகிதத்தைத் தட்டிக் காட்டி, “இந்தக் காதை வச்சு இன்னும் பதினைஞ்சு வருஷம் பறக்கலாம்” என்றார். சிரித்தேன். சிரித்துக்கொண்டே படியிறங்கி, காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதேன்.

பதினைந்து வருஷம், பழைய மணிச் சம்பளத்தில். எனக்கு இது வேண்டியதுதான். மற்ற நாற்பது பேருக்கு?

ஜூன் 12, வியாழன்

கணவரிடம் சொல்லிவிட்டேன். காதில் ஆரம்பித்து எல்லாவற்றையும். காதை மறைத்ததுதான் முதலில் வலித்தது அவருக்கு, “என்கிட்டகூடவா?” என்றார். சங்கத்துக்கு அந்தத் தொகையை நன்கொடையாகக் கொடுத்துவிடவா என்று கேட்டேன்.

“காசு குடுத்துக் கழுவப் பாக்கறியா? அந்த ஆள் மேல இருக்கற அழுக்கு உன் காசுல போகுமா?”

திருத்த வேண்டிய விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். பத்துக்கு ஒன்பது போட்ட அதே மனிதர்.

ஜூன் 16, திங்கள்

காலை ஏழே கால். விமானிகள் அறையில் பதினோரு பேர். பெரியவரும் இருந்தார், பஸ்காரரும் இருந்தார், ஜன்னலோரம் தனியாக. நின்றுகொண்டுதான் சொன்னேன், உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“அந்த ஓட்டு என்னோடது. அவரோடது இல்ல. அவர்தான்னு பெரியவரை நம்ப வச்சதும் நான்தான்.”

காது விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவார்கள். அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

ஒருவர் கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்த சத்தம் கேட்டது. பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பஸ்காரர்தான் எழுந்து வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“வேணாம் மேடம். மூணு மாசம் தனியாச் சாப்பிட்டேன். அதுல பாதி நாள் உங்க பக்கத்துல உக்காந்து பறந்தேன். நல்லா இறக்கினீங்கன்னு வேற சொன்னீங்க.”

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று வேனில் என் பக்கத்து இருக்கையில் பை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பழகிவிட்டது என்று எழுதினால் பொய். வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர யாரும் என்னிடம் வாய் திறப்பதில்லை. பஸ்காரரோடு என்னைப் போடுவதையும் நிறுத்திவிட்டார்கள். யார் கேட்டு நிறுத்தினார்களோ. அவர் இப்போது எல்லாரோடும் சாப்பிடுகிறார். சிரிப்புச் சத்தம் நடைபாதை வரை வருகிறது. ஒட்டுக்கேட்கிறவள் மாதிரி கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

கேப்டன் பயிற்சிக்குப் பஸ்காரர் தேர்வாகியிருக்கிறார். பயிற்றுநர்கள் நாங்கள் மூன்று பேர். விண்ணப்பத்தில் என் பெயரை எழுதியிருக்கிறார்.

ஓடுபாதைப் பக்கத்து வாசலில் பார்த்து, ஏன் என்று கேட்டேன். என்ன பதிலை எதிர்பார்த்தேன் என்று எழுதவே கூசுகிறது.

“மத்த ரெண்டு பேருக்கும் தேதி நிரம்பிடுச்சு மேடம். உங்ககிட்டதான் காலியா இருந்துச்சு.”

சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். நியாயம்தானே.

நவம்பர் 28, வெள்ளி

நாற்பது பயிற்சிப் பயணம் முடிந்தது. இரண்டு மாதமாக அவர் கேப்டனின் இடது இருக்கையில், நான் வலது இருக்கையில். வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஒருநாள் இறங்கும்போது அடித்த பக்கக் காற்றில் நான் கொஞ்சம் அவசரப்பட்டு வாய் திறந்தேன். “நான் பாத்துக்கறேன்” என்றார். பார்த்துக்கொண்டார். இன்று கடைசிப் பயணத்தின் படிவத்தில் ‘தகுதி உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதுக் கேப்டனுக்குப் பயிற்றுநர்தான் நாலு கோடு போட்ட தோள்பட்டிகளைச் சட்டையில் மாட்டிவிட வேண்டும். அறை நிறைய ஆட்கள், அவர் மனைவியும் வந்திருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் முன்னால் வந்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. தோள்பட்டி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று அவர் சொன்னால் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விடலாம் என்று வாசலைக்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

அவர் ஒன்றை என் கையிலிருந்து எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார். அப்புறம் மற்றத் தோளை என் பக்கம் திருப்பினார்.

பொத்தான் சின்னது. இரண்டு தடவை விரலிலிருந்து நழுவியது. அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.