அளவு நோட்டில் ஒரு பக்கம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? போனில் பேசினால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கேட்டபடி என் அளவு நோட்டை முழுக்கப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். பக்கத்துக்கு ஒரு பெண். குனிந்து குனிந்து கழுத்தே ஒடிந்துவிட்டது. இனி வீட்டிலிருந்தபடியே போனில் சொல்லித் தைத்துக்கொள்வார்கள், எதிரே வந்த பெரிய கடையைப் பார்த்து நான் வயிறெரிய வேண்டாம் என்கிறாய். நடந்தால் உன் வாய்க்குச் சர்க்கரை.

ஒன்று மட்டும். எண்களை மட்டும் ஏற்று. ஓரத்தில் பென்சிலில் இருப்பது நான் எனக்காக எழுதிக்கொண்டது. கூன், தொப்பை எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கும். படித்துவிட்டுச் சிரிக்காதே.

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நம் கடை திறந்தாயிற்று! நோட்டில் இருந்த எல்லா நம்பருக்கும் செய்தி போய்விட்டது. தொட்டால் அவரவர் பக்கம் திறக்கும், அடுத்தவருக்குத் தெரியாது. பென்சில் குறிப்பும் சேர்ந்துதான் ஏறியிருக்கிறது. பிரித்துக்கொண்டிருக்க எனக்கு ஏது நேரம்? அவரவர் உடம்பு அவரவருக்குத் தெரியாததா? அதற்குள் இருபத்தொரு ஆர்டர். இப்போதாவது சிரி.

உன் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

டீச்சர் வந்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு ஒரு பக்க மார்பு இல்லை. ஆறு வருஷமாக உள்ளே பஞ்சு வைத்து நான்தான் தைக்கிறேன். கூடப்பிறந்தவர்களுக்குக்கூடச் சொல்லாதவர்.

எழுத்து பொடியாக இருக்கிறதென்று, வரப்போகும் மருமகளிடம் போனை நீட்டியிருக்கிறார். அந்தப் பெண் சத்தமாகப் படித்துவிட்டாள்: "இடது பக்கம் பஞ்சு. வெளியே தெரியக் கூடாது." சம்பந்தி வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்களாம்.

என்னைத் திட்டவில்லை. "துணியக் குடுத்துடும்மா" என்றார். வெட்டிவிட்டேனே என்றேன். "பரவால்ல, அப்படியே குடு. உன்ன நம்பித்தானே உன் முன்னாடி நின்னேன்."

அவருக்குப் பிறகு நான்கு பேர் வந்து துணியை வாங்கிப் போய்விட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. உடனே எல்லாவற்றையும் எடு.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எடுத்துவிட்டேன். இதைப் பெரிதாக்காதே. ஐந்து பேர் போனால் ஐம்பது பேர் வருவார்கள். டீச்சருக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துக் கொடு, சமாதானமாகிவிடுவார். சத்தியமாக நான் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை, எல்லாம் கம்ப்யூட்டரே ஏற்றியது. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா? உன் நல்லதுக்குத்தானே செய்தேன். குறிப்பை நீக்கிவிட்டு அடுத்த வாரம் மறுபடி திறப்போம்.

உன் தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

திறக்க வேண்டாம். இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

நீ எடுப்பதற்கு முந்தின நாள், யார் யார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பார்ப்பதற்காக, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கடைக்காரி என்று நீ எனக்குக் கொடுத்த பாஸ்வேர்டால் போனில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். ஒருத்தியின் கூன் இருந்தது. ஒருத்தியின் தீக்காயம் இருந்தது. மூன்று முறை பிள்ளை தங்காமல் போன பெண்ணுக்கு நான் இடுப்பைத் தளர்த்தியதும் பிடித்ததும் தேதியோடு இருந்தன.

நான் அனுப்பியதில் ஒரே ஒரு பக்கம்தான் ஏறவில்லை. உன் மனைவியின் பக்கம்.

இப்படிக்கு,
தையல்காரி