கேட்காமல் வைத்த எலும்பு

லோஹேகாவ், புனே
14-8-2008

சௌபாக்கியவதி வைஷுவுக்கு அம்மா ஆசீர்வாதம்.

நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். போனில் கூப்பிட்டால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை தையல் பிரிக்க வந்தபோது உன் கிளினிக்கில் நீ இல்லை. உன் உதவியாளர் அமலாதான் பிரித்தாள். என்னைத் தேற்றுவதாக நினைத்து, "கவலப்படாதீங்க ஆன்ட்டி, டாக்டர் மாட்டெலும்புத் தூள் வெச்சு அடைச்சிருக்காங்க, ஏக்தம் பக்கா, அசையவே அசையாது" என்றாள். அவள் மேல் குற்றமில்லை.

முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத வாய் இது. விழுந்த பல்லுக்குத் தாடையில் திருகாணி வைக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் நீ என்ன சொன்னாய்? "உன் எலும்பையே வழிச்சு வெச்சு உனக்கே திருப்பி அடைப்பேம்மா, ஒரு துளி வீணாகாது" என்றாய். பெற்ற பெண் சொல்கிறாளே என்று வாயைத் திறந்தேன். திங்கட்கிழமையிலிருந்து நான் சுவாமிக்கு விளக்கேற்றவில்லை. அப்பா ஏற்றுகிறார், திரி போடத் தெரியாமல்.

அதை எடு. தாடையைப் பிளந்தாவது எடு.

அம்மா


பிம்ப்ரி
18-8-2008

அம்மாவுக்கு வைஷு நமஸ்காரம்.

கோபம் உனக்கு மட்டும் சொந்தமில்லை. அந்த வெள்ளிக்கிழமை உன்னை ஒன்பது மணிக்கு வரச் சொன்னேன். ஒன்பதே முக்காலுக்கு வந்தாய். நாற்காலியில் சாய்ந்ததும் சாயாததுமாக, "பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள முடிச்சுடு" என்றாய். ஊசி போட்டு மரத்துப்போகவே கால்மணி ஆயிற்று. நடுவில் வேறு கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டினாய்.

மெதுவாக, தண்ணீர் விடாமல் குடைந்தால் எலும்புத் தூள் ட்ரில்லின் பள்ளத்திலேயே தங்கும். வழித்து எடுத்துத் திரும்ப அடைக்கலாம். அதைத்தான் உனக்குச் சொன்னேன். அதற்கு அவகாசம் வேண்டும். நீ கொடுத்த அவகாசத்தில் வேகமாகத்தான் குடைய முடிந்தது. வேகமாகக் குடைந்தால் சூடேறும். எலும்பு வெந்துபோகாமல் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். உன் எலும்பு அந்தத் தண்ணீரோடு உறிஞ்சு குழாயில் போய்விட்டது. பார்த்தால் ஒரு பக்கம் தாடை மெல்லிசு. அடைக்காமல் தைத்தால் திருகாணி நிற்காது. கைவசம் இருந்தது அந்தத் தூள்தான்.

கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்? ராகுகாலத்தில் உட்கார்ந்திருப்பாயா?

எடுக்க மாட்டேன். எடுத்தால் சுற்றியிருக்கும் உன் எலும்பும் சேர்ந்து வரும். ஊரில் எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேள்.

வைஷு


பிம்ப்ரி
20-1-2009

அம்மாவுக்கு,

போன் செய்தால் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறாய். நேரில் வந்தால் பூஜை அறைக்குள் போய்விடுகிறாய். திருகாணி மேல் பல் மாட்டும் வேளை வந்துவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் எதிரே இருக்கும் மேல்வரிசைப் பல் அந்த இடைவெளிக்குள் இறங்க ஆரம்பிக்கும்.

கேட்காமல் வைத்தது தப்புதான். போதுமா? வா.

வைஷு


லோஹேகாவ்
27-2-2009

சௌபாக்கியவதி வைஷுவுக்கு அம்மா ஆசீர்வாதம்.

பல் மாட்டியாயிற்று. புனே கேம்ப் பகுதியில் ஸ்ரீநிவாசன் என்று ஒரு பல் டாக்டர். அந்த எலும்பை எடுக்கச் சொல்லித்தான் முதலில் அவரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு நீ சொன்னதையேதான் அவரும் சொன்னார். நீ கெட்டிக்காரி, வேலையில் குறையில்லை என்றும் சொன்னார். ஆனால், "எடுக்கறதா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்கோ மாமி" என்று வெளியே உட்கார வைத்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். விளக்கும் இப்போது நானே ஏற்றுகிறேன்.

ராகுகாலத்தில் உட்கார்ந்திருப்பாயா என்று எழுதியிருந்தாயே. மாட்டேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு, ஓட்டைத் தாடையோடு எழுந்து போயிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் நீ கேட்கவில்லை. முகத்தில் துணியைப் போர்த்தியிருந்தவளுக்கு வாயில் என்ன போகிறது என்று எப்படித் தெரியும்?

மாட்டை நான் மன்னித்துவிட்டேன். உன்னை இன்னும் இல்லை.

மார்ச் பதினாலாம் தேதி காரடையான் நோன்பு. மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வா. மஞ்சள் சரடு வாங்கி வைத்திருக்கிறேன். உனக்குப் பிடித்த வெல்ல அடையே நிறையத் தட்டுகிறேன். அப்பாவும் நீ எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வலது பக்கம் இன்னொரு பல் ஆடுகிறது. வந்த இடத்தில் அதைக் காட்டு என்று சொல்லாதே. ஸ்ரீநிவாசனிடம் நாள் குறித்தாயிற்று.

அம்மா