நம் பாட்டின் நான்காவது குரல்

போன வாரம் ஒரு காலை, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவைத் தாண்டிப் போன ஆட்டோவில் நம் பாட்டு கேட்டது. யாரோ ஒரு புதுப் பாடகி பாடியிருந்தாள். தறியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். அதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது. உன்னிடம் சொல்லத்தான் முதலில் தோன்றியது. நீ போய் இரண்டு வருஷமானது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நம் மெல்லிசைக் குழுவில் நீ கீபோர்டு, நான் பாடகி. நீயே எழுதி மெட்டமைத்த காதல் பாட்டு அது. கேசட் போட வந்தவர் என் குரலைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

“பாட்டு நல்லாத்தான் இருக்குதுமா. இவங்க குரல்தான் ஆம்பள குரலாட்டம் இருக்குது. வேற பொண்ண வெச்சிக்கலாம்.”

நான் தலைகுனிந்து நின்றேன். நீ கீபோர்டை உறையில் போட ஆரம்பித்தாய். “இவளுக்காகப் போட்ட மெட்டு சார். இவ பாடலன்னா பாட்டும் இல்ல.”

முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்த வருஷம் நம் பாட்டு ஒலிக்காத கல்யாண மண்டபம் காஞ்சிபுரத்தில் இல்லை.

பல வருஷம் கழித்து ஒரு சென்னைப் பாடகி உன்னிடம் கேட்டுக்கொண்டு அதை உச்சஸ்தாயியில் பாடினாள். ஊரெல்லாம் ஓடியது. அப்புறம் கல்லூரி மாணவர்கள் கிதாரோடு வேகமாகப் பாடினார்கள். அதுவும் ஓடியது. “என்ன மறந்துட்டாங்கடி” என்று நான் சுணங்கினேன். நீ சிரித்தாய். “பாடட்டும்டி. இத்தன வருஷமா பாட்டு ஓடிக்கினே இருக்குது பாரு. அதுக்கு சந்தோஷப்படு.”

நேற்று ஒரு கல்யாண வரவேற்பில் பாட அந்தப் புதுப் பாடகியே ஊருக்கு வந்திருந்தாள். நான் யாரென்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, நேராக என் நாற்காலிக்கு வந்தாள்.

“ஆன்ட்டி, எனக்கும் உங்க மாதிரி கட்டைக் குரல். உங்க கேசட்ட கேட்டப்புறம்தான் மேடையில பாடலாம்னு தைரியம் வந்துது. இன்னிக்கு என்கூட பாடுவீங்களா?”

பாடினேன். இரண்டாவது வரியிலேயே மண்டபம் சேர்ந்துகொண்டது. என் வயதுக்காரிகள் நிதானமாக, அவர்களுடைய மகள்கள் உச்சத்தில், பிள்ளைகள் தாளம் தட்டி வேகமாக. ஆளுக்கொரு விதமாகப் பாடியும் எல்லோரும் ஒன்றாகவே முடித்தோம். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

மைக்கை அறிவிப்பாளர் வாங்கிக்கொண்டு, பாட்டை எழுதியவர் யார் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். என் கட்டைக் குரலில், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னேன். இந்தக் குரலை மறைக்க வேண்டும் என்று, நீ கீபோர்டை உறையில் போட்ட அந்த நாளுக்குப் பிறகு எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.