குழாய்க்குள் இருக்கும் மெழுகு

இல்லை அத்தா, நான் மெழுகுவர்த்தி செய்யவில்லை. இது பாலித்தீன் மெழுகு. ஷார்ஜா வெயிலிலும் இளகாது. நூறு டிகிரி தாண்டினால்தான் உருகும். நம் மயிலாடுதுறைக் கடையில் நீங்கள் விற்கும் பிவிசி குழாய், இயந்திரத்தில் ஒட்டாமல் வழுவழுப்பாக வருவது இந்த மெழுகுப் பொடியால்தான்.

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு என் சலாம்.

நேற்று நான் சோதித்த ஒரு சரக்கு பத்து டிகிரி முன்னதாகவே உருகியது. அனுப்பக் கூடாது என்று எழுதினேன். வெளியே லாரி நின்றது.

"ஏம்மா ஷிஃபா, வந்து மூணு மாசம்தான் ஆவுது, லாரியைத் திருப்பி அனுப்பச் சொல்றியா?" என்றார் மேலாளர் தியாகேசன். திருவையாற்றுக்காரர்.

"நீங்களே உருக்கிப் பாருங்க சார்."

பார்த்தார். லாரி காலியாகப் போனது. என் மணிக்கட்டில் ஒரு சொட்டு தெறித்தது, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இன்று இரண்டு வருட ஒப்பந்தத்தை அவரே கொண்டுவந்து வைத்தார். "வீட்ல கேட்டுட்டு போடும்மா" என்றார். மூன்று மாதம் போதும், திரும்பி வா என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது அத்தா.

உபைதுல்லா மாமா இங்கே வரும்போது கடையிலிருந்து ஒரு சாண் குழாய்த் துண்டு கொடுத்தனுப்புங்கள். சோதித்துப் பார்க்க அல்ல. மேசையில் வைத்துக்கொள்ள.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.