சல்பா மாத்திரைக்குத் தராத தண்ணீர்

என் செல்ல மருமகனே சவரிமுத்து,

மாத்திரையோடு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எவரும் வாய் திறந்து சொல்லவில்லை. நீ கேட்ட தண்ணீரை நான் தரவில்லை. ஏழு வயதில் நீ செத்தது இந்த இரண்டாலும்தான். விதி என்று சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை.

உன் மூத்திரப்பையிலிருந்து கல்லை எடுத்த டாக்டரின் கைமேல் எனக்குக் குறையில்லை. புளியங்கொட்டை அளவு கல். அதைக் குப்பியில் வைத்து, நம் ஊர் ஆவூருக்கு வரும் பஸ்ஸில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு வந்தாய். புண்ணில் சீழ் பிடிக்காமலிருக்கச் சல்பா மாத்திரை கொடுத்தார்கள். கூடவே ஆங்கிலத்தில் ஒரு சீட்டு.

நம் வீட்டில் அறுத்த புண்ணுக்குத் தண்ணீர் ஆகாது. ஆறும்வரை கொஞ்சம் கஞ்சி, நாக்கை நனைக்க இரண்டு மடக்கு, அவ்வளவுதான். உன் அம்மா இளகிவிடுவாள் என்று பத்தியக் காவலை நானே எடுத்துக்கொண்டேன்.

“மாமா, ஒரே ஒரு சொம்பு தாங்க.”

“புண்ணு சீ வச்சிரும் மாப்ளே. ரெண்டு நாளு பொறுத்துக்க.”

“ஒங்களுக்கு மட்டுந்தான் தாகம் எடுக்குமாக்கும்? அப்ப நீங்களும் குடிக்காதீங்க.”

அதன்பின் உன் கண்முன் நான் குடிக்கவில்லை. கொல்லைப்பக்கம் போய்க் குடித்தேன். அது உனக்குத் தெரியுமா?

நான்காம் நாள் சிறுநீர் சிவந்தது. மறுநாள் நின்றே போயிற்று. தூக்கிக்கொண்டு ஓடினோம். “தண்ணி குடுத்தீங்களா?” என்று டாக்டர் கேட்டதும் உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் போதாவிட்டால் அந்த மருந்தே சிறுநீரகத்தில் உப்பைப்போல உறைந்து வழியை அடைத்துவிடுமாம். அன்றைக்குத்தான் சொன்னார். இரண்டே நாளில் நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்து, ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்த கம்பவுண்டரிடம் போனேன்.

“சீட்டுல எழுதியிருக்கே, பெரியவரே.”

“யாரு படிக்க எழுதுனீங்க? தமிழையே நான் தானா எழுத்துக் கூட்டிப் படிச்சவன்.”

“இங்கிட்டு நின்னு சத்தம் போடாதீங்க. அங்கிட்டுப் போங்க.”

போகவில்லை. மேலதிகாரிகளுக்கு மூன்று மனு எழுதினேன். பதில் இல்லை.

ஒரு சேதி கேள். போன வாரம் திருவரங்குளத்தில், கல் எடுத்து வந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அதே மாத்திரை, அதே பத்தியம். “யாருங்க நீங்க, எங்க வீட்டுல வந்து அதிகாரம் பண்ண?” என்றார் தகப்பன்.

“இப்படிக் காவக் காத்துப் புள்ளையக் கொன்னவன்” என்றேன். தாய் உள்ளே போய்ச் செம்பு நிறைய மொண்டு வந்தாள். அந்தப் பிள்ளை மூச்சு விடாமல் குடித்தது.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். டாக்டர் எழுதுவதோடு நிறுத்தாமல், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரிடமே தமிழில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகே கம்பவுண்டர் மாத்திரையைக் கையில் கொடுக்க வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ சிவந்தாலோ தாய் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வர வேண்டும். பத்தியம் வைக்கிற பெரியவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

திருவரங்குளத்துக்காரரிடம் சொன்னதை உன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கேட்பேன். உன்மேல் ஆணை.

உன் தாய்மாமன்,
அருளப்பன்